மாதக் கூட்டத்துக்கு முந்தைய மூன்று வாரம்

நகர மன்றத்தின் மாதக் கூட்டம் இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்று கைதூக்கி நிறைவேற்றும் தீர்மானங்களில் பெரும்பாலானவை அதற்கு மூன்று வாரம் முன்பே காகிதத்தில் உருவாகத் தொடங்கியிருக்கும். ஒரு பொருள், அதாவது மன்றத்தின் முடிவுக்கு வரும் ஒரு விஷயம், நன்றாக நடந்து முடியுமா, பாதியில் நின்றுபோகுமா என்பதை அந்தக் காகிதத்தைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். புதிதாகத் தேர்வான உறுப்பினர்களும், கூட்டத்தைப் பார்க்கப் போகும் பொதுமக்களும் முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

மாதத்தைக் கூட்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். நான்காவது வியாழக்கிழமை கூட்டம் என்றால், மூன்று வாரத்துக்கு முன் துறைகளின் குறிப்புகள் மன்றச் செயலர் கைக்கு வந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் நிதிப்பிரிவும் சட்டப்பிரிவும் அவற்றைப் பார்க்கும். பிறகு நிலைக்குழுக்கள், அதாவது துறைவாரியாக உறுப்பினர்கள் சிலர் உட்காரும் சிறு குழுக்கள். அதன் பிறகே அஜெண்டா, அதாவது கூட்டத்தில் எடுக்கப்போகும் பொருள்களின் பட்டியல், அச்சாகி வெளியே வரும். இந்த வரிசையில் நிதிப்பிரிவு பார்க்கும் வாரம்தான் அடிக்கடி அடிபடுகிறது. துறை தாமதமாகக் குறிப்பு கொடுக்கும், செயலருக்கு அச்சு நாள் நெருங்கியிருக்கும், நிதிப்பிரிவுக்கு ஒரு மாலை நேரம்தான் கிடைக்கும். அப்படி அவசரத்தில் உள்ளே போன பொருள்தான் ஆறு மாதம் கழித்து "கூடுதல் மதிப்பீடு" என்ற பெயரில் திரும்பி வரும்.

அறிவிப்புக் காலத்தை எண்ணுவதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். இங்கிலாந்தில் நகர மன்றக் கூட்டத்துக்கு ஐந்து முழு நாள் அறிவிப்பு வேண்டும். முழு நாள் என்றால் அறிவிப்பு வெளியான நாளும் கூட்ட நாளும் கணக்கில் வராது. சனி, ஞாயிறு, பொது விடுமுறையும் வராது. வியாழக்கிழமை கூட்டத்துக்கு முந்தைய வாரத்துப் புதன்கிழமைக்குள் அஜெண்டா வெளியாகியிருக்க வேண்டும். வியாழக்கிழமை ஒட்டினால் நான்கு முழு நாள்தான் மிஞ்சும். கலிபோர்னியாவில் உள்ளாட்சிக் கூட்டங்கள் மக்கள் பார்க்கத் திறந்தபடி நடக்க வேண்டும் என்று 1953-ல் வந்த பிரவுன் சட்டம் மணிக்கணக்கில் எண்ணுகிறது: வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம். அஜெண்டாவில் இல்லாத பொருளில் முடிவெடுக்கவும் அங்கே பொதுவாக இடமில்லை; அவசரநிலை போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. எந்த ஊராக இருந்தாலும் தன் விதியில் இருப்பது நாளா, முழு நாளா, மணியா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அறிவிப்பில் குறை இருந்தால், நல்ல நோக்கத்தோடு எடுத்த முடிவைக்கூட எதிர்த்து வழக்குப் போட முடியும்.

இனி அந்தக் குறிப்புக்கு வருவோம். ஒரு பொருளுக்கான குறிப்பில் இருக்க வேண்டியவை: மன்றத்திடம் என்ன கேட்கப்படுகிறது என்பது முதல் வரியிலேயே, இதே விஷயத்தில் முன்பு போட்ட தீர்மானத்தின் எண்ணும் தேதியும், மொத்தச் செலவு, இந்த ஆண்டில் போகும் பங்கு, பணி முடிந்த பிறகு ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புச் செலவு, எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து (பட்ஜெட்டில் எந்த ஒதுக்கீட்டிலிருந்து), அதில் இன்று மீதி எவ்வளவு, வேறு வழிகள் என்னென்ன, ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும், கடைசியில் வரைவுத் தீர்மானம். இவற்றில் பராமரிப்புச் செலவுதான் பெரும்பாலும் விடுபடும். பூங்கா அமைக்கும் செலவு ஒருமுறை வருவது. அதற்குத் தண்ணீர் விடும் ஆள், விளக்கு, துப்புரவு எல்லாம் ஆண்டுதோறும் வருவது. திறப்பு விழா நடந்த பூங்கா இரண்டாவது கோடையில் காய்ந்து கிடப்பதற்கு இந்த ஒரு வரி இல்லாமல் போவதே பெரும்பாலும் காரணம்.

வரைவுத் தீர்மானத்தைப் படிக்கும்போது நான்கு கேள்வி கேட்க வேண்டும். யார் செய்வது? எவ்வளவுக்கு மிகாமல்? எந்தத் தலைப்பிலிருந்து? எந்தத் தேதிக்குள்? "பூங்காவைச் சீரமைக்க உரிய நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்ற வாசகத்தில் நான்குக்கும் பதில் இல்லை. அது ஒருமனதாக நிறைவேறும், கைதட்டலும் கிடைக்கும், அதன் பிறகு எந்த அலுவலரும் அதை வைத்துக்கொண்டு ஒரு பணி ஆணைகூடப் போட முடியாது. "பொறியியல் பிரிவு இந்தப் பணியை மதிப்பீட்டுத் தொகைக்கு மிகாமல், பூங்காப் பராமரிப்புத் தலைப்பிலிருந்து, இன்ன தேதிக்குள் முடித்து, அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவறிக்கை வைக்க வேண்டும்" என்று எழுதினால் கேள்வி கேட்கவும் பிடி இருக்கிறது, பதில் சொல்லவும் ஆள் இருக்கிறார். மன்றத்துக்குள் எழும் எதிர்ப்பால் வீணான திட்டங்களைவிட இப்படி வாசகம் தெளிவில்லாமல் வீணானவை அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

கூட்ட நாளில் முதல் வேலை கோரம் இருக்கிறதா என்று எண்ணுவது. கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தபட்சம் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற அளவுதான் கோரம். இங்கிலாந்தில் 1972-ம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி மொத்த உறுப்பினரில் கால் பங்கு போதும். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் பாதிக்கு மேல் வேண்டும். தொடக்கத்தில் எண்ணிவிட்டு மறந்துவிடக் கூடாது, கூட்டம் முடியும்வரை அந்த எண்ணிக்கை நிற்க வேண்டும். 21 பேர் கொண்ட மன்றத்தில் கோரம் 11 என்று வைத்துக்கொள்வோம். வந்தவர்கள் 12. ஒரு நிலப் பொருளில் சொந்த நலன் இருப்பதாக அறிவித்து இரண்டு பேர் வெளியே போனால் மிச்சம் 10. வெளியேறியவரைக் கோரத்தில் சேர்க்காத விதி உள்ள ஊரில் அந்தப் பொருளை எடுக்கவே முடியாது. நலன் அறிவிக்க வேண்டியவர்கள் முதல்நாளே செயலரிடம் சொல்லிவிட்டால் அவர் கணக்குப் போட்டு வைத்திருப்பார்.

வாக்கெண்ணிக்கையிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. அதே 21 பேர் மன்றம், அதே 12 பேர் வந்திருக்கிறார்கள். ஆதரவு 6, எதிர்ப்பு 4, நடுநிலை 2. வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும் என்றால் தீர்மானம் நிறைவேறியது. மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை வேண்டும் என்றால் 11 வாக்கு தேவை. 6 பற்றாது, தீர்மானம் தோற்றது. இரண்டாவது விதி உள்ள இடத்தில் நடுநிலை வகிப்பதும் எதிர்த்து வாக்களிப்பதும் ஒரே பலனைத்தான் தரும். "நான் யார் பக்கமும் இல்லை" என்று ஒதுங்கும் உறுப்பினருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரே மன்றத்தில் சாதாரணப் பொருளுக்கு ஒரு விதி, வரி உயர்வுக்கும் நில விற்பனைக்கும் வேறு விதி என்று இருப்பதும் உண்டு. வாக்கு சமமானால் சில இடங்களில் தலைவருக்கு முடிவு வாக்கு இருக்கிறது, இங்கிலாந்துச் சட்டம் அதைத் தருகிறது; வேறு சில இடங்களில் சமமானாலே தீர்மானம் தோற்றதாகக் கொள்வார்கள்.

முந்தைய கூட்ட நடவடிக்கைக் குறிப்பை உறுதிசெய்வது சடங்கு மாதிரி ஓடிப்போகும். அந்த இரண்டு நிமிடத்தை வீணாக்க வேண்டாம். குறிப்பு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது மட்டுமே அங்கே கேள்வி. போன மாத முடிவு பிடிக்கவில்லை என்று மறுபடி விவாதிக்க அங்கே இடமில்லை. முக்கியமாகத் திருத்தத்தோடு நிறைவேறிய தீர்மானங்களின் வாசகத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சத்தத்துக்கு நடுவே ஒருவர் திருத்தம் சொல்வார், இன்னொருவர் அதில் ஒரு சொல்லை மாற்றுவார், எல்லோரும் கை தூக்குவார்கள், எந்த வாசகத்துக்குத் தூக்கினோம் என்பது ஆளுக்கு ஒன்றாக இருக்கும். இதற்கு ஒரே மருந்து, வாக்கெடுப்புக்கு முன் தலைவர் திருத்திய வாசகத்தை முழுதாகப் படிக்கச் சொல்வது. முதலில் திருத்தத்துக்கு வாக்கு, பிறகு திருத்திய முழுத் தீர்மானத்துக்கு வாக்கு. இரண்டையும் ஒன்றாக்கினால் குழப்பம் நிச்சயம்.

விவாதமில்லாமல் மொத்தமாக நிறைவேற்றும் பொருள்களின் கட்டு ஒன்று பல மன்றங்களில் இருக்கும். வழக்கமான சிறு வேலைகளுக்கு அது நல்ல ஏற்பாடு, நேரம் மிச்சமாகும். ஆனால் உறுப்பினர் ஒருவர் கேட்டாலே ஒரு பொருளை அந்தக் கட்டிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக விவாதிக்கலாம் என்பது பல இடங்களில் உள்ள விதி. கட்டுக்குள் நான் தேடிப் பார்க்கச் சொல்வது மூன்று. ஒன்று, "காலநீட்டிப்பு" என்று வரும் ஒப்பந்தங்கள்: எத்தனையாவது நீட்டிப்பு, தாமதத்துக்கு அபராதம் வசூலானதா? இரண்டு, "கூடுதல் மதிப்பீடு": முதல் மதிப்பீட்டில் விட்டுப்போனது எது, ஏன்? மூன்று, ஒரே தெருவுக்கு, ஒரே மாதத்தில், அடுத்தடுத்த பொருள் எண்களில் வரும் சிறு பணிகள். ஒவ்வொன்றின் தொகையும் டெண்டர் விட வேண்டிய வரம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றால், பெரிய வேலையைத் துண்டாக்கியிருக்கிறார்களா என்று கேட்டே தீர வேண்டும். துண்டாக்கினால் போட்டி குறையும், விலை ஏறும்.

மாத நிதி அறிக்கையில் இரண்டு பத்தியை மட்டும் ஒப்பிடுவது பலருடைய வழக்கம்: ஒதுக்கீடு, செலவு. மூன்றாவது பத்தி ஒன்று வேண்டும். பணி ஆணை கொடுத்துவிட்ட, ஆனால் இன்னும் பணம் போகாத தொகை. ஒதுக்கீடு 100, செலவு 40 என்றால் 60 மிச்சம் இருப்பதாகத் தோன்றும். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பணிகள் 55 என்றால் உண்மையில் கையில் இருப்பது 5. இந்தப் பத்தி இல்லாத அறிக்கையை நம்பிப் புதுப் பணிக்கு ஒப்புதல் கொடுத்தால் ஆண்டுக் கடைசியில் ஒப்பந்ததாரர் பில்லுக்குப் பணம் இருக்காது. வரவைப் பார்க்கும்போது ஆறாவது மாதத்தில் பாதி வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சொத்துவரி கட்ட வேண்டிய நாளை ஒட்டி மொத்தமாக வரும், மற்ற மாதங்களில் சொட்டுச் சொட்டாக வரும். போன ஆண்டு இதே மாதத்தில் எவ்வளவு வந்திருந்தது என்பதுதான் சரியான ஒப்பீடு.

துணைவிதி, அதாவது ஊருக்காக மன்றமே போடும் விதி, போடுவதும் மாற்றுவதும் பெரும்பாலும் ஒரே கூட்டத்தில் முடியாது. கனடா நகரங்களில் மூன்று வாசிப்பு என்பது பழகிய முறை: முதலாவதில் அறிமுகம், இரண்டாவதில் பிரிவு பிரிவாக விவாதம், மூன்றாவதில் இறுதி வடிவம். மக்கள் கருத்துக்கேட்பு இருந்தால் அதையும் இடையில் நடத்துவார்கள். மூன்றாவது வாசிப்பு நாளில் வந்து பேசுகிறவருக்குக் கிடைக்கும் பலன் மிகக் குறைவு.

பொதுமக்கள் பேசும் நேரம் பல நகரங்களில் மூன்று நிமிடம்தான். அதில் பொருள் எண், நீங்கள் கேட்கும் மாற்றம், ஒரே ஒரு காரணம், இவை மூன்றும் முதல் நிமிடத்திலேயே வந்துவிட வேண்டும். ஊர் வரலாற்றில் தொடங்கினால் மணி அடித்துவிடும். ஒரு வரியை எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதியே கொண்டுபோய்ச் செயலரிடம் கொடுப்பது இன்னும் நல்லது. உறுப்பினர் அதை அப்படியே திருத்தமாகக் கொண்டுவரலாம். எல்லாவற்றையும்விட, நிலைக்குழு கூடும் வாரத்தில் குழு உறுப்பினரைப் பார்ப்பதுதான் பயன் தரும், ஏனென்றால் அப்போது வரைவு இன்னும் பென்சிலில் இருக்கிறது. இந்தியாவில் 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கச் சொன்னது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989 முதல் நகர பட்ஜெட்டின் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று குடிமக்களே வரிசைப்படுத்தும் முறையைத் தொடங்கியது. இரண்டிலும் மக்கள் குரலைக் கடைசி நாளுக்கு முன்னாலேயே கேட்க இடமிருக்கிறது.

பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டு நடத்தும் மூடிய அமர்வுக்குப் போவதற்கு வழக்கமான காரணங்கள் ஊழியர் விவகாரம், நடக்கும் வழக்கு, நிலம் வாங்கும் பேரம். கதவை மூடுவதற்கு முன் காரணத்தைச் சொல்லி, பதிவுசெய்து, தேவைப்படும் இடத்தில் வாக்கெடுத்து மூட வேண்டும். உள்ளே எடுத்த முடிவைப் பிறகு வெளியே எப்போது அறிவிப்பது என்பதையும் அங்கேயே முடிவுசெய்ய வேண்டும். பேரம் முடிந்து ஆண்டுக்கணக்காகியும் அந்த முடிவு உறையிலேயே கிடப்பது நடக்கிறது.

கூட்டம் கலைந்த மறுநாளே செயலர் அலுவலகம் ஒரு பட்டியல் போட வேண்டும்: தீர்மான எண், செய்ய வேண்டியவர், கெடு நாள், நிலை. ஒரு வாரத்துக்குள் தீர்மான நகல் துறைக்குப் போக வேண்டும். நகல் வரவில்லை என்பதுதான் அடுத்த மாதம் கேட்கப்போகும் முதல் சாக்கு. ஒத்திவைத்த பொருள்களும் இதே பட்டியலில் வர வேண்டும். ஒத்திவைக்கும்போது எந்தக் கூட்டத்துக்கு, எந்தத் தகவல் வந்த பிறகு என்று சொல்லியே ஒத்திவைக்க வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்று விட்ட பொருளுக்கு அஜெண்டாவில் தானாகத் திரும்பி வரும் வழி கிடையாது, யாராவது எழுதிக் கேட்டால்தான் வரும். இந்தப் பட்டியலை அடுத்த மாத அஜெண்டாவின் பின்னிணைப்பாக அச்சிடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நகராத வரிகளைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.