ஒன்றே முக்கால் லட்சத்துக்கு ஒரு ஐபேட்

2024 மே 7-ம் தேதி ஆப்பிள் எம்4 ஐபேட் ப்ரோ டேப்லெட்டை அறிவித்ததிலிருந்து "வாங்கலாமா?" என்று கேட்கிறவர்களுக்கு வாட்ஸப்பில் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கேட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு என் பதில், வேண்டாம்.

பொருளில் குறை சொல்ல முடியாது. 13 அங்குல மாடலின் தடிமன் 5.1 மில்லிமீட்டர்தான், எடை 600 கிராமைக்கூடத் தொடவில்லை. தானே ஒளிரும் ஓஎல்இடி அடுக்குகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் திரையைச் செய்திருக்கிறார்கள், அதனால் கறுப்பு அசல் கறுப்பாக இருக்கிறது, வெளிச்சமும் குறையவில்லை. ஆப்பிளின் எம்4 சிப் எந்த மேக் கம்ப்யூட்டரிலும் வருவதற்கு முன்னால் இதில் வந்துவிட்டது. கடையில் கையில் எடுத்துப் பார்த்தேன், கீழே வைக்க மனசே வரவில்லை. அதற்குத்தானே கடையில் வைத்திருக்கிறார்கள்!

சரி, விலைக்கு வருவோம். எல்லாம் 2024 விலை: 13 அங்குலம், 256 ஜிபி, வைஃபை மட்டும், 1,29,900 ரூபாய். லேப்டாப் மாதிரி பயன்படுத்த மேஜிக் கீபோர்டு வேண்டும், அது 33,900. வரைய பென்சில் ப்ரோ 11,900. ஆக மொத்தம் 1,75,700. இன்னொரு ஆயிரம் போட்டால் அந்தக் கீபோர்டு காசுக்கு ஒரு சாதா ஐபேடே வந்துவிட்டிருக்கும், அதன் விலை அப்போது 34,900. பழைய ப்ரோவின் பென்சில் வீட்டில் இருக்கிறதே, அதை வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தால் அதுவும் நடக்காது. இரண்டாம் தலைமுறை பென்சில் இதில் வேலை செய்யாது, பழைய கீபோர்டும் பொருந்தாது. இதே கம்பெனியின் எம்3 மேக்புக் ஏர் லேப்டாப் அப்போது 1,14,900-க்குக் கிடைத்தது, கீபோர்டுக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

இதில் இன்னொரு பொடி எழுத்து விஷயமும் உண்டு: 256, 512 ஜிபி மாடல்களில் ராம் 8 ஜிபிதான், சிப்பிலும் ஒரு கோர் (கணக்குப் போடும் பகுதி) குறைவு. முழு எம்4, 16 ஜிபி ராம் எல்லாம் 1 டிபி மாடலிலிருந்துதான்.

விலையைக்கூட விட்டுவிடலாம், காசு இருக்கிறவர்கள் வாங்கட்டும். என் பிரச்சினை ஐபேடை இயக்கும் மென்பொருளான ஐபேட்ஓஎஸ். இவ்வளவு பலமான சிப்பை வைத்துக்கொண்டு அதில் செய்ய விடுவது என்ன என்று பார்த்தால், பெரிய கல்யாண மண்டபத்தைப் பிடித்து நாலு பேருக்குக் காபி கொடுத்து அனுப்புவது மாதிரி இருக்கிறது. ஐபோனுக்கு ஆப் எழுதுகிறவருக்குப் பெரும்பாலும் ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருள் வேண்டும், அது இதில் ஓடாது, மேக்குக்குத்தான் போக வேண்டும். 2024-ல் ஃபைனல் கட் என்ற எடிட்டிங் ஆப்பில் வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு நடுவில் மெயில் பார்க்கப் போனால் எக்ஸ்போர்ட் நின்றுவிட்டது. ப்ரோ என்று பெயர் வைத்த சாதனத்தில்! அப்புறம், நம் வீடுகளில் டேப்லெட் ஒருத்தருக்கு மட்டும் சொந்தமாக இருப்பது அபூர்வம்: காலையில் அப்பா பேப்பர் படிப்பார், சாயங்காலம் குழந்தை கார்ட்டூன் பார்க்கும், அதற்கு நடுவில்தான் நம் வேலை. ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ள இன்றுவரை வழியில்லை. குழந்தை கார்ட்டூன் பார்க்கும்போது திரையின் மேலே மேனேஜரின் மெசேஜ் வந்து விழும், குழந்தை அதைத் தொட்டும் விடும், ஒரு தம்ஸ் அப் போனாலும் போய்விடும்.

பொழுதன்னைக்கும் படம் வரைந்து சம்பாதிக்கிறவர்களுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. இந்தத் திரையும் பென்சிலும் அவர்களுக்குக் காசை மீட்டுக் கொடுத்துவிடும், வாங்கட்டும். மற்றபடி படம் பார்க்க, பிடிஎஃப் படிக்க, குழந்தையின் ஆன்லைன் வகுப்புக்கு என்றால் அந்தச் சாதா ஐபேடே போதும். கொஞ்சம் வரையவும் ஆசை இருந்தால் ஐபேட் ஏர் இருக்கிறது, 2024-ல் அதன் விலை 59,900, அதில் பென்சில் ப்ரோவும் வேலை செய்யும்.

இல்லை, ப்ரோதான் வேண்டும் என்று அடம் பிடித்தவர்களை 2024 ஜூன் 10 வரையாவது பொறுக்கச் சொன்னேன். அன்றைக்கு ஆப்பிளின் டெவலப்பர் மாநாடு, அடுத்த ஐபேட்ஓஎஸ்ஸில் என்ன வருகிறது என்று தெரியவிருந்தது. நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 2010-ல் முதல் ஐபேட் வந்தது, 2024 மே வரை அதில் ஆப்பிளே போட்டுக் கொடுக்கும் ஒரு கால்குலேட்டர் கிடையாது.