பேசினில் ஐந்து சிப்பி, இரண்டு ஊமச்சி

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று மாதமாக வாட்ஸ்அப்பில் துரத்திக்கொண்டிருக்கிறார். கோட்டை மலை ஏறியது, மாந்தோப்பில் கல்லெறிந்து மாட்டிக்கொண்டது, டேமில் மீன் வறுவல் தின்றது எல்லாவற்றையும் போன மலரிலேயே மற்றவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் ஒரு பச்சை நிற பிளாஸ்டிக் பேசின்தான்.

1986-87. பிளஸ் டூ சயின்ஸ் குரூப். நம் விலங்கியல் சாரின் பழக்கம் அந்த வருடங்களில் படித்தவர்களுக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் "பார்த்தியா, படிச்சியா?" என்பார். படித்தேன் என்றால் "சரி, உட்கார்." பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் எங்கே, எப்போது, எந்தப் பக்கம் தலை இருந்தது என்று விடமாட்டார். அதனால் வகுப்பில் பெரும்பாலும் எல்லோரும் படித்தவர்களாகவே இருந்தோம்.

சிப்பி, நத்தை போன்ற மெல்லுடலிகள் பாடம் வந்ததும் புத்தகத்தை மூடச் சொன்னார். டேமுக்குக் கீழே வாய்க்கால் ஓரத்து ஊரிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பையனிடம் ஈர உரச்சாக்கைக் கொடுத்து அனுப்பினார். மறுநாள் சாக்கில் ஏழெட்டு ஆற்றுச் சிப்பிகளும் இரண்டு பெரிய ஊமச்சிகளும் வந்தன. எங்கள் வீட்டில் நத்தைக்கு ஊமச்சி என்றுதான் பெயர். ராயக்கோட்டைப் பக்கத்துப் பையன் தெலுங்கில் நத்தகுல்ல என்றான். தளியிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தவன் கன்னடத்தில் பசவன ஹுளு என்றான். மூன்று மொழி ஊரில் வேறு என்ன நடக்கும். சார் "பைலா" என்று அறிவியல் பெயரைப் போர்டில் எழுதிச் சண்டையை முடித்தார்.

ஐந்து சிப்பிகளை மணல் பரப்பிய பேசினில் நட்டு, தண்ணீர் ஊற்றி, யாரும் மேசையை ஆட்டாதே என்றார். கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் ஒரு சிப்பியின் ஓரம் நூல் அளவு பிரிந்தது. பின்முனையில் இரண்டு பிளவுகள் தெரிந்தன. கீழே இருந்ததன் விளிம்பில் குட்டிக் குட்டிக் காம்புகள். சார் பேனா ஃபில்லரில் நீல மை எடுத்து, கீழ்ப் பிளவுக்கு அருகே ஒரே ஒரு சொட்டு விட்டார். மை கலையவில்லை. ஊதுபத்திப் புகை போல நீண்டு நேராக உள்ளே போனது. சற்றுப் பொறுத்து மேல்பிளவு வழியாக வெளிறிய நீலமாக வந்தது.

"இப்போ இது மூச்சு விட்டுச்சா, சாப்பிட்டுச்சா?"

பாதி வகுப்பு மூச்சுக்கும் பாதி வகுப்பு சாப்பாட்டுக்கும் கை தூக்கினோம். இரண்டும்தான். சிப்பிக்குத் தலையே கிடையாது, முகத்தைத் தேடாதே என்றார். உள்ளே இருபுறமும் செவுள்கள் திரைச்சீலை போலத் தொங்குகின்றன. அவற்றின் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத மென்மயிர்கள் விடாமல் அடித்துத் தண்ணீரை இழுக்கின்றன. செவுளின் சல்லடைக்குள் தண்ணீர் நுழைந்து போகும்போது ஆக்சிஜன் இரத்தத்தில் சேர்கிறது. அதே தண்ணீரில் வந்த பாசித்துகள் செவுளின் கோழையில் ஒட்டிக்கொள்கிறது. ஒரே தண்ணீர், ஒரே உறுப்பு.

ஒன்றைத் திறந்து கிண்ணத்தில் வைத்து, செவுள்மேல் சிவப்புச் சாக்பீஸ் தூளை ஒரு சிட்டிகை தூவினார். கைலென்ஸை வரிசையாகக் கை மாற்றினோம். என் முறை வந்தபோது தூள் சிவப்பு நூலாகத் திரண்டு செவுளின் ஓரமாக வாயை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. தள்ளுகிறவர் யாரும் இல்லை. முப்பத்தெட்டு வருடம் ஆகிவிட்டது. அந்தச் சிவப்பு நூல் மட்டும் இன்னும் நகர்கிறது.

வாய்க்குப் பக்கத்தில் இரண்டு சோடி மடல்கள். அவைதான் முறம் என்றார் சார். வீட்டில் கேழ்வரகைப் புடைத்துக் கல்லையும் உமியையும் தள்ளுவதில்லையா, அது மாதிரி மணலையும் வேண்டாததையும் கோழையில் உருட்டி வெளியே விட்டுவிடும், தின்னாமலே கழித்தது. தேறியது வயிற்றுக்குப் போகும். அங்கே கண்ணாடி போல ஒரு குச்சி சுழன்றுகொண்டிருக்கும். ஆட்டுக்கல் குழவி மாதிரிதான், ஆனால் இந்தக் குழவி தேய்ந்து கரையக் கரைய அதிலிருந்தே செரிமான நொதி வரும். இதை மட்டும் நான் பார்க்கவில்லை, படித்ததுதான்.

ஊமச்சி வேறு ஜாதி. அதன் வாயில் ராடுலா என்று அரம் போல் பல் வரிசை வைத்த நாடா. பாசி பிடித்த பாட்டிலில் விட்டால் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அது நக்கி நக்கிச் சுரண்டுவதைப் பார்க்கலாம். மூச்சுக்கு அதனிடம் இரண்டு ஏற்பாடு உண்டு என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததும் சார் கிளம்பிவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை. சிப்பிகளை வாய்க்காலில் விட வேண்டியது என் பொறுப்பு. நான் மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் நாற்றம் ஆளைத் தள்ளியது. பேசினில் ஐந்து சிப்பிகளும் வாயைப் பிளந்து கிடந்தன. செத்த சிப்பி ஏன் திறந்து கிடக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கீல் போன்ற இணைப்புநார் இரண்டு ஓடுகளையும் எப்போதும் திறக்கவே பார்க்கிறது. தசையை இறுக்கி மூடி வைப்பதுதான் சிப்பிக்கு வேலை. உயிர் போனால் பிடி விட்டுவிடும். ஊமச்சிகளைக் காணவில்லை. தேடினால், ஒன்று ஜன்னல் கம்பிக்குக் கீழே, இன்னொன்று கரும்பலகைச் சட்டத்தில், இரண்டும் உயிரோடு.

அடி விழும் என்று நின்றேன். சார் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு சுவரைக் காட்டினார். அந்த இரண்டாவது ஏற்பாடு அதுதான். ஊமச்சிக்குச் செவுளும் உண்டு, நுரையீரல் மாதிரி ஒரு பையும் உண்டு. தண்ணீரில் காற்று குறைந்தால் குழாய் போல் ஒன்றை மேலே நீட்டி இழுத்துக்கொள்ளும். முடியாவிட்டால் ஏறி வந்துவிடும். ஏரி வற்றினால் மூடியை அடைத்துக்கொண்டு சேற்றுக்குள் மழை வரும்வரை கிடக்கும். சிப்பிக்குச் செவுள் மட்டும்தான். "இவன் மறந்ததால நீங்க எல்லாரும் பார்த்தீங்க" என்றார். பேசினை நான்தான் கழுவினேன். அந்த வாடை என் சட்டையில் ஒரு வாரம் இருந்தது.

சிங்கப்பூர் வந்து இருபத்திரண்டு வருடம். இங்கே உணவங்காடி நிலையங்களில் குவே தியாவ் என்ற அரிசி நூடுல்ஸில் சின்னச் சிப்பியைப் போடுவார்கள், ஹம் என்று பெயர். முதல் தடவை ஒன்றைக் கடித்ததும் தட்டில் சிவப்பாகச் சொட்டியது. எனக்கு அதிர்ச்சி. ஊமச்சியின் இரத்தத்தில் செம்பு இருக்கிறது, ஆக்சிஜன் ஏறினால் நீலமாகும். சிப்பி இரத்தத்துக்கு நிறமே இல்லை. சிவப்பு இரத்தம் நம்மைப் போன்ற ஆட்களுக்கு என்றுதான் என் தலையில் பதிந்திருந்தது. இது சிவப்பாக இருக்கிறதே என்று தேடிப் படித்தேன். ஹம்முக்கு நம்மைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு. ஆக்சிஜன் அரிதான கடலோரச் சேற்றில் புதைந்து வாழ்வதால் அது கைகொடுக்கிறது. கூடவே இன்னொன்றும் படித்தேன், சாப்பிட்டபின் படித்திருக்கக் கூடாது. 1988-ல் ஷாங்காயில் இந்த வகைச் சிப்பியைச் சரியாக வேகவைக்காமல் தின்று சுமார் 3 லட்சம் பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. சாக்கடை கலந்த தண்ணீரை வடிகட்டிய செவுள் கிருமியையும் சேர்த்து வைத்துக்கொண்டது. அன்று முதல் நன்றாக வேகட்டும் என்று கடைக்காரரிடம் சொல்கிறேன். அவருக்கு என்னைப் பிடிக்காது.

போன பொங்கலுக்கு சாரை ஃபோனில் பிடித்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார், குரல் மட்டும் அப்படியே. சார், சிவப்பு இரத்தச் சிப்பி ஒன்று இங்கே இருக்கிறது என்றேன்.

"பார்த்தியா, படிச்சியா?"

"பார்த்தேன் சார்."

"செவுள் எந்த நிறம்?"

நான் யோசித்தேன்.

"டேய், தின்னுட்டியா?"

"தின்னுட்டேன் சார்."