எகனாமிக்ஸுக்கு முன் கொஞ்சம் கணக்கு

ஜூன் 2, 2025

பி.ஏ. எகனாமிக்ஸில் இடம் கிடைத்துவிட்டது. ப்ளஸ் டூவில் நான் வரலாற்று குரூப். கணக்குக்கும் எனக்குமான உறவு பத்தாம் வகுப்போடு சரி. சீனியர்கள் கால்குலஸ் படி என்கிறார்கள். டியூஷன் எடுக்கும் எதிர்வீட்டு அக்காவோ, “அதெல்லாம் அப்புறம். முதல்ல பின்னம், சதவீதம், நேர்கோடு. எட்டாங்கிளாஸ் புத்தகத்தை எடு” என்றார். ரோஷமாகத்தான் இருந்தது. எடுத்தேன்.

ஜூன் 4

நாள் முழுக்கச் சதவீதம். மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முகூர்த்த நாளில் 1,000 ஆனால் 100 சதவீத ஏற்றம். மறுநாள் பழைய விலைக்கே வந்தால் 50 சதவீத இறக்கம். ஏறியதும் இறங்கியதும் அதே 500 ரூபாய்தான். எதால் வகுக்கிறோம் என்பது மாறிவிட்டது. விலை ஒரு சதவீதம் மாறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்பதுதான் தேவை நெகிழ்ச்சி. அதைக் கணக்கிடும்போது இது பெரிய தலைவலி: போகும்போது ஒரு விடை, வரும்போது வேறு விடை. அதனால்தான் நடுப்புள்ளி முறையில் இரண்டு விலைக்கும் சராசரியான 750-ஆல் வகுக்கிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் 66.7 சதவீதம். பாடப்புத்தகத்தில் இந்தச் சூத்திரத்தை முன்பு பார்த்தபோது, மனப்பாடம் செய்ய இன்னொன்று என்றுதான் நினைத்தேன்.

ஜூன் 6

ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6 சதவீதத்திலிருந்து 5.5-ஆகக் குறைத்திருக்கிறது. குறைந்தது அரை சதவீதப் புள்ளி. ஆனால் 6-ல் 0.5 என்பது 8.3 சதவீதம். வங்கிக்காரர்கள் 50 அடிப்படைப் புள்ளிகள் (ஒரு புள்ளி என்றால் சதவீதப் புள்ளியில் நூறில் ஒரு பங்கு) என்று சொல்வது இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான். அப்பாவிடம் விளக்கினேன். இஎம்ஐ குறையுமா என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 9

நேர்கோடு. தேவை = 100 − 2 × விலை. சாய்வு எங்கும் −2, அதாவது விலை ஒரு ரூபாய் ஏறினால் தேவை 2 கிலோ குறையும். விலை 10 என்றால் தேவை 80. நெகிழ்ச்சி என்பது சாய்வு × விலை ÷ தேவை: −2 × 10 ÷ 80, அதாவது −0.25. விலை 40 என்றால் தேவை 20, நெகிழ்ச்சி −4. கோடு எங்குமே வளையவில்லை, நெகிழ்ச்சி மட்டும் இப்படி மாறுகிறது. சாய்வு பேசுவது ரூபாயையும் கிலோவையும்; நெகிழ்ச்சி பேசுவது, மறுபடியும், சதவீதத்தை.

இன்னொரு தொல்லை. விலையைக் கிடைமட்ட அச்சில் போடாமல் செங்குத்து அச்சில் போடுகிறார்கள். படத்தில் இதே கோட்டின் சாய்வு −1/2 ஆகிவிடுகிறது. ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷலால் நிலைத்துப்போன பழக்கமாம். அவர் 1865-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றவர். பின்னாளில், 1906-ல், கணக்கைச் சுருக்கெழுத்தாக வைத்துக்கொள், சொற்களில் எழுதி முடித்ததும் எரித்துவிடு என்று ஒரு கடிதத்தில் அறிவுரை சொன்னார். அவருக்கென்ன, எரிக்க நிறைய வைத்திருந்தார்.

ஜூன் 13

மடக்கை, அதாவது log: ஓர் அடி எண்ணை எத்தனையாம் அடுக்குக்கு உயர்த்தினால் நம் எண் வரும் என்பது. அடி எண் e (சுமார் 2.718) என்றால் இயல் மடக்கை. அதில் 500-லிருந்து 1,000-க்குப் போனால் +0.693, திரும்பினால் −0.693. சராசரி எடுக்கிற வேலையே இல்லை. 70 விதியும் இந்த 0.693-லிருந்துதான் வருகிறது: 70-ஐ வளர்ச்சி சதவீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாக ஆகும் ஆண்டுகள். 1950-லிருந்து 1980 வரை இந்தியா ஆண்டுக்குச் சுமார் 3.5 சதவீதம் வளர்ந்தது. அந்த வேகத்தில் இரட்டிக்க 20 ஆண்டு. மக்கள்தொகையும் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடிக்கொண்டிருந்ததால், தலைக்கு மிஞ்சியது ஒன்றரைக்கும் குறைவு. ஒருவருடைய வருமானம் இரட்டிக்க ஏறக்குறைய 50 ஆண்டு! வரலாற்று வகுப்பில் யாராவது இப்படி ஒரு வகுத்தல் போட்டுக் காட்டியிருக்கலாம்.

ஜூன் 17

ஒருவழியாகக் கால்குலஸ். அதில் முதலில் வகைக்கெழு: ஒன்று துளி கூடும்போது இன்னொன்று எந்த வேகத்தில் மாறுகிறது என்பது. செலவு = 100 + 5அ + அ²; ‘அ’ என்பது உற்பத்தி அளவு. பத்தாவது யூனிட்டைத் தாண்டிப் பதினொன்றாவதைச் செய்ய ஆகும் கூடுதல் செலவு 26 ரூபாய். வகைக்கெழுவோ 5 + 2அ, அதாவது 25.

“அக்கா, இந்த ஒரு ரூபாய் எங்கே போச்சு?”

“ஒரு முழு யூனிட் தாண்டுனியே. துண்டைச் சின்னதாக்கிப் பாரு.”

அரை யூனிட் கூட்டினால், யூனிட்டுக்கு 25.50. பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 25.10. சரி, புரிகிறது. நாளை தேவையும் அளிப்பும் வெட்டிக்கொள்ளும் இடம். அதற்கு இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்கும் ஒருங்கமை சமன்பாடு வேண்டும்; அது ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது.