மாநகராட்சியோடு ஊராட்சி சேரும்போது

வீட்டுவரி ஏறும் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய இழப்பு நூறு நாள் வேலை. அது ஊரகத் திட்டம். ஊராட்சி நகரத்தோடு சேர்ந்துவிட்டால் வேலை அட்டை இருந்தும் பயனில்லை. நிலமற்ற பெண்களைத்தான் இது முதலில் அடிக்கும்.

2011-இல் சென்னை 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 25 ஊராட்சிகள் உள்ளே போயின. வார்டுகளோ 200தான். தெருவிளக்குக்கு ஊராட்சித் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டிய காலம் அத்தோடு சரி. கிராம சபையும் போய்விடும்.

இணைப்பு பற்றிய ஆட்சேபணையைக் கெடுவுக்குள் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது. சர்வே எண், குளம், மேய்ச்சல் நிலம், வேலை அட்டைகளின் எண்ணிக்கை எல்லாம் குறிப்பிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கிராம சபைத் தீர்மானம் போட்டால் அதன் நகலையும் கையோடு இணையுங்கள். பழைய வீட்டுவரி ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பெயர் மாற்றத்தில் சிக்கல் வந்தால் அவைதான் கைகொடுக்கும்.