காயப்பட்ட சிப்பாய்க்குப் பாதிச் சம்பளம்

அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் வெளியிட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1776 ஆகஸ்ட் 26 அன்று காங்கிரஸ், அதாவது மாநிலப் பிரதிநிதிகளின் சபை, ஒரு வாக்குறுதி கொடுத்தது: பிரிட்டனுக்கு எதிரான போரில் கை கால் இழந்தவருக்கும், உழைத்துப் பிழைக்க முடியாதபடி ஊனமானவருக்கும் பாதிச் சம்பளம். ஆனால் அந்தக் காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. பணம் கொடுக்கும் பொறுப்பை மாநிலங்களின் தலையில் கட்டினார்கள். 1789-ல் புதிய மத்திய அரசு ஏற்கும் வரை இதே நிலைதான்.

மார்கரெட் கார்பினை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. 1776 நவம்பரில் ஃபோர்ட் வாஷிங்டன் சண்டையில், பீரங்கியோடு நின்ற கணவர் செத்து விழுந்ததும் இவர் அந்த இடத்தில் நின்று சுட்டார், குண்டடி பட்டு ஒரு கை செயலிழந்தது. 1779-ல் இவருக்குக் கிடைத்தது ஒரு சிப்பாயின் சம்பளத்தில் பாதி, அப்புறம் ஒரு செட் உடை.

1792-ல் வந்த சட்டம் இன்னும் கொடுமை. காயப்பட்டவர்கள் ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்தில் ஊனத்தை நிரூபிக்க வேண்டும், ஆனால் நீதிபதிகள் சொன்னதைப் போர்த்துறைச் செயலர் நிறுத்தி வைக்கலாம். அப்படியென்றால் இது எங்கள் வேலையே இல்லை என்று பென்சில்வேனியாவில் நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். வில்லியம் ஹேபர்ன் என்பவரின் மனு அப்படித்தான் நின்றுபோனது. அதிகாரப் பிரிவினையில், அதாவது சட்டமன்றம், அரசு நிர்வாகம், நீதிமன்றம் மூன்றின் அதிகாரமும் தனித்தனி என்ற கொள்கையில், முக்கியமான வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். நீதிபதிகள் சொன்னது சரிதான், சரி, காயத்தோடு கோர்ட் வாசலில் நின்றவர் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு எங்கே போவார்? காங்கிரஸ் சட்டத்தை மாற்ற 1793 ஆகிவிட்டது.