ராமேஸ்வரம் கல்யாணத்துக்கு வேன்ல வர்றவங்க கவனத்துக்கு

மதுரைல இருந்து நம்ம சித்தி மக கல்யாணத்துக்கு வர்ற சொந்தங்களே, சாப்ட்டு முடிச்சதும் மண்டபத்துலயே பாய விரிச்சு சீட்டாட உக்காந்துராதீங்கய்யா. நேரா தனுஷ்கோடி போங்க, 1964 புயல்ல இடிஞ்ச சர்ச்சோட சுவரு இன்னும் நிக்குது, பவளக்கல்லுல கட்டுனது, கிட்ட போய் பாத்தா கல்லுல பொடிப்பொடியா ஓட்டை தெரியும், அப்படியே அரிச்சல்முனை வரைக்கும் ரோடு இருக்கு ஆனா இருட்டுறதுக்குள்ள திரும்பிரணும். கோயில்ல 22 தீர்த்தம் ஆடணும்னா கல்யாணத்துக்கு முதநாளு விடியக்காலமே முடிச்சுருங்க, அத்தைமாரே, மாத்துத்துணி கட்டாயம், ஈரத்துணியோட சாமி பாக்க விட மாட்டாங்க (பட்டுச்சேலையோட போய் வாளித்தண்ணிக்கு நிக்காதீங்க, சொல்லிப்புட்டேன்). கலாம் ஐயா நினைவிடம் பேக்கரும்புல, வர்ற வழிதான். பாம்பன்ல 2025ல தொறந்த புது ரயில் பாலத்த பாக்குறேன்னு நடு ரோட்டுல வேன நிப்பாட்டுற மாப்ளைங்கள மட்டும் பெருசுங்க யாராச்சும் பாத்துக்கங்கப்பா, பின்னாடி வர்றவய்ங்க ஹாரன் அடிச்சே கொன்னுருவாய்ங்க.