என் லேப்டாப்பின் 41-வது தலைமுறை

2024 கார்த்திகையில் கோத்தகிரியில் நான்கு நாள் விடாத மழை. அந்த மழையோடு மழையாக என் பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கும் போய்ச் சேர்ந்தது. கோப்புகளுக்கு நகல் இருந்தது. அப்பாவின் ஒன்றரை ஏக்கர் தேயிலைக்கான கொழுந்துக் கணக்கு, போட்டோக்கள் எல்லாம் பத்திரம். போனது வேறு. தமிழ்99 விசைப்பலகையை எப்படி வேலை செய்ய வைத்தேன், பக்கத்து வீட்டு மாமாவின் பிரின்டருக்கு எந்த டிரைவர் போட்டேன், மூடியைச் சாத்தினாலும் தூங்காமல் இருக்க எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்றினேன்... ஒன்றுமே நினைவில் இல்லை. ஐந்து வருடம் அங்கங்கே பார்த்து, அந்தந்த நேரத்துக்குத் தட்டிய கட்டளைகள். எழுதி வைக்கத் தோன்றியதே இல்லை.

கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் ஒரு திங்க்பேட் வாங்கினேன். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பேட்டரி பத்து நிமிடம்தான் நிற்கும் என்று விற்றவரே சொல்லிவிட்டார். சரி, புது மெஷின். இந்த முறை நிக்ஸ் ஓஎஸ் போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நிரல்களை நிறுவிப் பராமரிக்கும் நிக்ஸ் என்ற கருவியை 2003-ல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஈல்கோ டோல்ஸ்ட்ரா தொடங்கினார். 2006-ல் அதுவே அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடானது. அதன் மேல் எழுப்பிய லினக்ஸ்தான் நிக்ஸ் ஓஎஸ். இதில் மென்பொருளை ஒவ்வொன்றாக நிறுவுவதில்லை. ‘கான்ஃபிகரேஷன் டாட் நிக்ஸ்’ என்ற ஒரு கோப்பில் இந்த மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுகிறோம். நேர மண்டலம், எழுத்துருக்கள், பயனர்கள், எந்த நிரல்கள், எந்தச் சேவைகள், எல்லாம் அதில். ‘நிக்ஸோஸ் ரீபில்ட் ஸ்விட்ச்’ என்று கட்டளை கொடுத்தால், எழுதியபடி சிஸ்டத்தைக் கட்டித் தருகிறது. ஒவ்வொரு முறை கட்டும்போதும் ஒரு ‘ஜெனரேஷன்’, அதாவது ஒரு தலைமுறை. பழைய தலைமுறைகளும் பூட் மெனுவில் வரிசையாக நிற்கும்.

நான் போட்டது 24.11, அதாவது 2024 நவம்பர் வெளியீடு. வருடத்துக்கு இரண்டு வெளியீடு, மே மாதமும் நவம்பரும். நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டு ஃபைபர் இணைப்பில் இறக்கி, பென்டிரைவில் மலையேற்றிக் கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்தான். நாளுக்கு 2 ஜிபி.

நிறுவியதில் சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்தடுத்து அழுத்தினால் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் கதை.

முதல் வாரம் முழுக்க அரைப்புள்ளியோடு சண்டை. நிக்ஸ் மொழியில் ஒவ்வொரு அமைப்பு வரியின் முடிவிலும் அரைப்புள்ளி வேண்டும். ஆனால் சதுர அடைப்புக்குள் இருக்கும் பட்டியலில் பெயர்களுக்கு நடுவில் காற்புள்ளி கூடாது, வெறும் இடைவெளிதான். பத்து வருடம் வேறு மொழிகளில் பழகிய கை தானாகவே காற்புள்ளி போடும். 34-வது வரியில் விட்ட அரைப்புள்ளிக்கு 35-வது வரியைக் காட்டித் திட்டும். பழகப் பழகச் சரியானது.

தமிழ்தான் அதிக நேரம் தின்றது. எழுத்துரு சுலபம், எழுத்துருப் பட்டியலில் நோட்டோவும் லோஹித் தமிழும் சேர்த்தேன், வந்துவிட்டது. தட்டச்சு வரவில்லை. வழக்கம்போல ஐபஸ்ஸையும் (தட்டச்சு முறைகளை நிர்வகிக்கும் நிரல்) எம்17என்னையும் (தமிழ்99 போன்ற விசைப்பலகைகளை அதற்குத் தருவது) நிரல்கள் பட்டியலில் எழுதினேன். இரண்டும் மெஷினில் இருக்கின்றன, ஆனால் ஐபஸ்ஸின் கண்ணுக்கு எம்17என் தெரியவில்லை. இரண்டு இரவு மண்டையை உடைத்த பிறகுதான் புரிந்தது. மற்ற லினக்ஸ்களில் எல்லாம் ஒரே பொதுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும். இங்கே ஒவ்வொரு நிரலும் ‘நிக்ஸ் ஸ்டோர்’ என்ற கிடங்கில், 32 எழுத்து அடையாளம் ஒட்டிய தனித்தனி அறையில் இருக்கிறது. யாருக்கு யாரோடு உறவு என்று நாம்தான் எழுத வேண்டும். உள்ளீட்டு முறைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. வகை ஐபஸ், எஞ்சின் எம்17என் என்று அதில் எழுதியதும், வெளியேறி உள்ளே வந்தேன், தமிழ்99 தயார். அந்த வரிகளுக்கு மேலே ஹேஷ் குறி போட்டுத் தமிழிலேயே குறிப்பு எழுதினேன்: ‘நிரல் பட்டியலில் போட்டால் வேலை செய்யாது, இங்கேதான் போட வேண்டும். இரண்டு இரவு போச்சு.’ அன்றிலிருந்து எந்த வரி எழுதினாலும் ஏன் என்று மேலே ஒரு குறிப்பு. அப்பா கொழுந்துக் கணக்கு நோட்டில் ஓரமாக ‘மழை, ஆள் வரவில்லை’ என்று எழுதுவாரே, அதுபோல.

இரண்டாம் ஞாயிறு இரவு லிப்ரே ஆபீஸ் இறங்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. எங்கேயோ மரம் விழுந்திருக்க வேண்டும். பேட்டரி பத்து நிமிடம் தாக்குப்பிடித்து, நடுவிலேயே அணைந்தது. போச்சு, முதலிலிருந்து நிறுவ வேண்டியதுதான் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். காலையில் போட்டால் எதுவுமே நடக்காததுபோல ஓடுகிறது. காரணம், ரீபில்ட் பழைய சிஸ்டத்தின் மேல் கை வைப்பதில்லை. புதியதைக் கிடங்கில் தனியாக முழுசாகக் கட்டி முடித்த பிறகு, ‘இப்போதைய சிஸ்டம் இது’ என்று காட்டும் சுட்டியை மட்டும் கடைசியில் திருப்பிவிடுகிறது. கட்டி முடிக்கும் முன் கரண்ட் போனால் சுட்டி பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். மறுபடி கட்டளை கொடுத்தபோது, முழுசாக இறங்கியிருந்தவற்றைத் திரும்ப இறக்கவும் இல்லை. 2 ஜிபிக்காரனுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் ஒரு வில்லங்கம் மிச்சம் இருந்தது. அன்றிரவு இறங்கிய ஒரு நிரல் திறக்கவே இல்லை. போய்ப் பார்த்தால் கோப்பு இருக்கிறது, அளவு பூஜ்யம். எழுதியது நினைவகத்தில் இருந்து டிஸ்க்குக்குப் போய்ச் சேருவதற்குள் மின்சாரம் போயிருக்கிறது. நிக்ஸின் பதிவேட்டில் மட்டும் ‘வந்து சேர்ந்தது’ என்று ஏறிவிட்டது. இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கிடங்கைச் சரிபார்க்கும் கட்டளையோடு ‘செக் கன்டென்ட்ஸ்’, ‘ரிப்பேர்’ என்ற இரண்டையும் சேர்த்தால், ஒவ்வொரு அறையாகத் திறந்து, உள்ளே இருப்பது பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கெட்டதை மட்டும் புதிதாக இறக்கும். அரை மணி நேரம் ஓடியது. மூன்று கெட்டிருந்தன.

அப்புறம் முதல் வேலையாகப் புது பேட்டரி வாங்கினேன். எப்போதும் ப்ளக்கிலேயே இருப்பதால் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கட்டும் என்று டிஎல்பி என்ற மின்சேமிப்புச் சேவையை எழுதினேன். கட்டவே மறுத்துவிட்டது. க்னோம் என்ற திரைமுகப்பு தன் பங்குக்கு வேறொரு மின்சேமிப்புச் சேவையை ஏற்கனவே இயக்கி வைத்திருக்கிறது, இரண்டும் சேர்ந்து ஆகாது, ஒன்றை விடு என்கிறது. சேர்ந்து ஓடிப் பிறகு புரியாத விதத்தில் படுத்துவதற்கு, இப்படி வாசலிலேயே தடுப்பது எவ்வளவோ மேல். அதை நிறுத்தும் வரியைச் சேர்த்ததும் கட்டியது.

எல்லாம் இப்படி இனிமையாக முடிந்ததில்லை. எடைத் தராசோடு பேச வெளியிலிருந்து இறக்கிய ஒரு சின்ன நிரல் ஓடவே மாட்டேன் என்றது. பொதுவான லினக்ஸுக்காகக் கட்டிய நிரல்கள் தங்களை ஓட்டத் தொடங்கிவைக்கும் லோடரை வழக்கமான ஓர் இடத்தில் தேடும். இங்கே அந்த இடத்தில் அது இல்லை. நிக்ஸ்-எல்டி என்ற அமைப்பை இயக்கினால் அந்த இடத்தில் ஒரு மாற்று ஏற்பாடு வரும். எனக்கு வேலை செய்தது. ஆனாலும், வெளி நிரல்களை நாளுக்கு ஒன்றாக இறக்கி ஓட்டுகிறவருக்கு இந்த சிஸ்டத்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அப்டேட்டும் மலையில் ஒரு பிரச்சினைதான். ஜிலிப்சி (பெரும்பாலான நிரல்கள் சார்ந்து நிற்கும் அடிப்படை நூலகம்) போல அடியில் இருக்கும் ஒன்று மாறினால், அதன் மேல் நிற்பவை எல்லாம் புதிதாகவே இறங்கும். அதனால் மாதம் ஒரு முறை, சித்தி வீட்டுக்குப் போகும்போது மட்டும். “என்னைப் பாக்க வர்றியா, நெட்டுக்கு வர்றியா?” என்று சித்தி கேட்டாகிவிட்டது.

ஒரு நாள் வேண்டாதது என்று நினைத்து ஒலி சம்பந்தமான வரி ஒன்றை அழித்துவிட்டேன். சாயங்காலம் அம்மா சீரியல் போட்டால் சத்தம் இல்லை. “என்ன கண்ணு, மறுபடியும் நோண்டிட்டியா?” ரீஸ்டார்ட் செய்தேன். பூட் மெனுவில் தேதியோடு வரிசையாகத் தலைமுறைகள். அம்மா எட்டிப் பார்த்து, “இதுல எந்த நாளுக்குப் போகணும்?” என்றார். “நேத்துக்குப் போனாப் போதும்மா.” 19-ஐத் தேர்ந்தெடுத்தேன், சத்தம் வந்தது. விளம்பரம்கூட முடியவில்லை.

தலைமுறைகளைச் சேர்த்துக்கொண்டே போனால், மெஷின் துவங்குவதற்கென்று டிஸ்க்கில் ஒதுக்கிய சின்னப் பகுதியான பூட் பகிர்வு நிரம்பும். எனக்கு 26-ல் நிரம்பியது. சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னல் மாறிய ஒவ்வொரு தலைமுறையும் தன் கர்னலைக் கொண்டுவந்து அங்கே வைக்கிறது. மெனுவில் பத்துக்கு மேல் வேண்டாம் என்று ஒரு வரி, பழையதை அகற்ற வாராந்திரக் குப்பை சேகரிப்பு ஒரு வரி. இன்னொன்றும் உண்டு: கடவுச்சொல்லை இந்தக் கோப்பில் எழுதவே கூடாது. கிடங்கில் இருப்பதை அந்த மெஷினில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இப்போது 41-வது தலைமுறை. கோப்பு 212 வரி, அதில் பாதி தமிழ்க் குறிப்புகள். போன வாரம் ஒரு காலி எஸ்எஸ்டியில் அதே கோப்பை வைத்து நிறுவிப் பார்த்தேன். சித்தி வீட்டில் ஐம்பது நிமிடம். தமிழ்99, பேட்டரி வரம்பு, மூடி சாத்தினாலும் விழித்திருப்பது, எல்லாம் சொல்லாமலே வந்தன.

பிரின்டர் மட்டும் இன்னும் இல்லை. அச்சுச் சேவையை இயக்கியாகிவிட்டது, டிரைவர் பட்டியல் காலி. அதன் மேல், ‘மாமாவிடம் மாடல் எண் கேட்க வேண்டும்’ என்ற குறிப்பு 12-வது தலைமுறையிலிருந்து அப்படியே நிற்கிறது.